எண்டோமெட்ரியோசிஸ் வலிக்கு இபுப்ரோஃபென் மட்டும் போதுமா?

கேள்வி:
எனக்கு எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்சவ்வைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்) என்று உறுதியாகி இரண்டு வருடம் ஆகிறது. மாதவிடாயின் முதல் நாள் வெந்நீர்ப் பையை அடிவயிற்றில் அழுத்திக்கொண்டு சுருண்டு படுத்துவிடுகிறேன், வலி உச்சத்துக்குப் போனபிறகு இபுப்ரோஃபென் போட்டால் கேட்பதே இல்லை. இந்த மருந்துகளைப் பற்றி ஆராய்ச்சி என்னதான் சொல்கிறது?

பதில் 1:
நேரம்தான் முக்கியம் அக்கா. கருப்பையில் சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள்தான் தசையை இறுக்கி வலியைக் கிளப்புகிறது. ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகள் (இபுப்ரோஃபெனும் இந்த வகைதான்) அது உருவாவதையே தடுக்கின்றன என்று பிரிட்டிஷ் மருந்தியலாளர் ஜான் வேன் 1971இல் காட்டினார், 1982இல் நோபல் பரிசில் பங்கும் கிடைத்தது. ஏற்கெனவே சுரந்ததை மாத்திரை அழிக்காது, அதனால் வலி தலைகாட்டும்போதே சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

பதில் 2:
சரி, ஆனால் சாதாரண மாதவிடாய் வலிக்குத்தான் இந்த மாத்திரைகளை வைத்து நடந்த சோதனைகள் ஏராளம். எண்டோமெட்ரியோசிஸுக்கென்று நடந்தவை சொற்பம், அதுவும் சிறியவை. இத்தனை பெண்கள் அவதிப்படும் நோய்க்கு இவ்வளவுதானா என்று எனக்கு ஆதங்கமாகவே இருக்கிறது. அப்புறம், ஹார்மோன் வழியில் வேலை செய்யும் எலகோலிக்ஸ் என்ற மாத்திரைக்கு 2018இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. வலி குறைகிறது, கூடவே எலும்பு அடர்த்தியும் குறைவதால் எத்தனை மாதம் எடுக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு.

பதில் 3:
காய்ச்சலும் நாற்றத்தோடு வெள்ளைப்படுதலும் சேர்ந்து வந்தால் இடுப்பறை அழற்சியாக (கருப்பை, கருக்குழாய்களில் கிருமித் தொற்று) இருக்கலாம். அப்போது வலி மாத்திரையை வைத்து நாள் கடத்தாதீர்கள், ஆன்டிபயாடிக் வேண்டும், தாமதமானால் கருக்குழாயில் தழும்பு விழுந்துவிடும்.