பித்தநீர் என்எம்ஆர்: அமைடு சிக்னல் உயரம் நிலையாக வரவில்லை, யோசனை தேவை

வணக்கம். பித்தக்குழாய் அடைப்பு உள்ளவர்களின் பித்தநீரை 400 மெகாஹெர்ட்ஸ் புரோட்டான் என்எம்ஆரில் (காந்தப்புலத்தில் ஹைட்ரஜன் அணுக்கருக்களின் சிக்னலை அளக்கும் முறை) பார்க்கிறோம். மாதிரி 450 மைக்ரோலிட்டர். கனநீரும் (டியூட்டீரியம் கொண்ட நீர்) டிஎஸ்பியும் (ஒப்பீட்டுக்கான குறிப்புப் பொருள்) தனி நுண்குழாயில்தான். நேரே கலந்தால் அமைடு புரோட்டான் (நைட்ரஜனோடு இணைந்த ஹைட்ரஜன்) டியூட்டீரியத்துக்கு இடம் கொடுத்து சிக்னல் மறைந்துவிடும், டிஎஸ்பியும் புரதத்தில் ஒட்டி அதன் சிக்னல் அகன்றுவிடும்.

பிஎச் 6-க்குக் கொண்டுவந்ததும் கிளைசின், டாரின் இணைந்த பித்த அமிலங்களின் அமைடு சிக்னல்கள் 8 பிபிஎம் (ஸ்பெக்ட்ரத்தில் சிக்னலின் இடத்தைக் குறிக்கும் அலகு) பக்கம் எழுகின்றன. ஆனால் உயரத்தை நம்ப முடியவில்லை. நீரின் சிக்னலை பிரீசாச்சுரேஷனில் (அளக்கும் முன்பே ரேடியோ அலையால் நீரை நிறைவாக்கும் முறை) அடக்கும்போது, புரோட்டான் பரிமாற்றம் வழியே அமைடும் சேர்ந்து அடங்குகிறது என்று சந்தேகம். பிஎச்சை இன்னும் இறக்கினால் மாதிரி பால்போல் கலங்கிவிடுகிறது. பித்த அமிலங்களின் 0.7 பிபிஎம் மெத்தில் சிக்னலை வைத்து மொத்த அளவு எடுக்கலாமென்றால், லெசித்தின் மைசெல்லில் (கொழுப்பு மூலக்கூறுகளின் நுண்திரள்) சிக்கி அதுவும் அகலமாகத்தான் வருகிறது.

எக்சைட்டேஷன் ஸ்கல்ப்டிங்குக்கு (நீர் சிக்னலை அடக்கும் வேறொரு முறை) மாறியவர்கள் இருக்கிறீர்களா? டிஎம்எஸ்ஓ (ஒரு கரைப்பான்) சேர்த்து மைசெல்லை உடைத்தவர்கள் என்ன விகிதம் வைத்தீர்கள்? தயவுசெய்து சொல்லுங்கள்.