டீசல் ஏறும்போது ரேட்டும் ஏறணும்: ஒர்க் ஆர்டரில் எழுதி வாங்கிய அனுபவங்கள்

நாமக்கல், டிப்பர் வேலை:

2022 ஜனவரியில நாலுவழிச் சாலை வேலை ஒன்னுக்கு மண் அடிக்க சப் கான்ட்ராக்ட் எடுத்தேன். 4 டிப்பர், 15 கிலோமீட்டர் தூரம், கன மீட்டருக்கு 250 ரூபா. சென்னை விலைப்படி டீசல் அப்போ 91.43. நவம்பர்லேர்ந்து அசையாம நின்ன விலைங்கிற தைரியத்துல, "வேலை முடியும்வரை ரேட் மாறாது"ங்கிற வரியைப் படிச்சும் கையெழுத்துப் போட்டுட்டேன்.

மார்ச் 22லேர்ந்து ஏப்ரல் 6க்குள்ள 14 தடவை ஏத்தி 100.94ல கொண்டு வந்து நிறுத்தினாங்க. ஒரு வண்டிக்கு ஒரு நாளைக்கு 60 லிட்டர். நாலு வண்டிக்கும் தினம் 2,280 ரூபா கைக்காசு. 26 நாள் ஓடினா 59,000. டியூ கட்ட வீட்டு நகை அடகுக்குப் போச்சு.

மனசு ஆறாதது வேற. மெயின் கம்பெனிக்கு அரசு ஒப்பந்தத்துல விலை மாற்றப் பிரிவு, அதாவது விலைவாசி ஏறினா பில்லுல சேர்த்து வாங்கிக்கிற வழி, இருந்துச்சு, எரிபொருளுக்குத் தனிப் பங்கோட. எரிஞ்சது என் வண்டி டீசல், ஏத்தம் வாங்கினது அவங்க.

அடுத்த வேலையில கையெழுத்துக்கு முன்னாடியே நாலு வரி எழுத வெச்சேன். ஒர்க் ஆர்டர் தேதியில இன்ன பங்க் விலைதான் அடிப்படை. ரேட்டுல 40 சதவீதம் டீசல். விலை 3 சதவீதத்துக்கு மேல ஏறினாலும் இறங்கினாலும் அந்த 40 பங்கு அதே விகிதத்துல மாறும். அந்த மாச பில்லுலயே கணக்கு. இது அன்னைக்கே இருந்திருந்தா 250 ரூபா 260.40 ஆகியிருக்கும். இறங்கினா குறைச்சுக்குங்கன்னு நானே சொன்னதாலதான் ஒத்துக்கிட்டாங்க. 40 எப்படி வந்துச்சுன்னு கேட்டாங்க. நடைக்கு 10 லிட்டர், 9 கன மீட்டர்னு ட்ரிப் ஷீட்டையும் பங்க் பில்லையும் வெச்சுக் காட்டினேன். பங்க் பில்லு சீக்கிரமே வெளுத்துப்போயிடும், அன்னன்னைக்கே ஜெராக்ஸ் எடுத்துருங்க.

ஓசூர், பொக்லைன் வாடகை:

அண்ணே, எங்களுக்கு டீசல் கம்பெனியே ஊத்தி பில்லுல பிடிச்சுக்கும். என்ன விலையில பிடிப்பாங்கன்னு எழுதல. ஏறினப்போ ஏறின விலை. 2022 மே 22ஆம் தேதி குறைஞ்ச பிறகும் அதே விலையிலதான் பிடிச்சாங்க. இப்பல்லாம் "வேலை தொடங்கிய நாள் விலையில் மட்டுமே பிடித்தம்"னு எழுதி வாங்காம வண்டியை இறக்குறதில்ல.

வவுனியா, மண் ஏற்றும் வேலை:

இலங்கையில 2021 டிசம்பர் கடைசியில ஓட்டோ டீசல் (சாதாரண டீசல்) லீற்றர் எங்கட காசில 121 ரூபாய், 2022 ஜூன் கடைசியில 460. அந்தக் காசைக் குடுத்தாலும் டீசல் இல்லை, நாள்கணக்கா வரிசையில நிண்டம். வேலை சுணங்கினதெண்டு தண்டமும் வெட்டினவை. எரிபொருள் கிடைக்காத நாளுக்குக் கால நீடிப்பு எண்டும் சேர்த்து எழுதுங்கோ அண்ணை.

நாமக்கல், டிப்பர் வேலை:

இது எனக்குத் தோணவே இல்ல. அடுத்த வாரம் ஒரு ஒர்க் ஆர்டர் கையெழுத்தாகுது, அஞ்சாவது வரியா இதையும் கேக்கப்போறேன்.