மோட்டோஜிபி கேம்: எந்த வளைவுல விழுது, ஏன் விழுது? (அனுபவப் பகிர்வு)

மைல்ஸ்டோன் நிறுவனத்தோட மோட்டோஜிபி பைக் பந்தய கேமை பிளேஸ்டேஷன்லயோ எக்ஸ்பாக்ஸ்லயோ ஓட்டுறவங்களுக்கான இழை இது. 20-லேர்ந்து 24 வரைக்கும் எந்தப் பதிப்பா இருந்தாலும் சரி, வண்டியோட அடிப்படைக் குணம் ஒண்ணுதான்.

"சும்மாவே விழுது, கன்ட்ரோல் மோசம்"னு புகார் வந்துக்கிட்டே இருக்கு. காரணம் இல்லாம இந்த வண்டி விழறதில்லை. முன் டயர்ல எவ்வளவு பாரம் இருக்கு, வண்டி எவ்வளவு சாஞ்சிருக்கு, விரல் எவ்வளவு பிரேக் கேக்குது, இந்த மூணும் ஒத்துவராத இடத்துலதான் விழுது. ஆனா ஒத்துவராமப் போற காரணம் வளைவுக்கு வளைவு மாறும். அதனால சர்க்யூட், வளைவு, என்ன நடக்குது, ஏன், எப்படிச் சரிபண்றதுன்னு எழுதுங்க. "பழகப் பழக வரும்"னு மட்டும் எழுதாதீங்க.

தொடங்கறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் சரிபாருங்க. டிவியில கேம் மோடு போட்டிருக்கணும். 300 கி.மீ. வேகத்துல வண்டி ஒரு நொடிக்கு 83 மீட்டர் ஓடுது. டிவி படத்தை அழகாக்குறேன்னு 80 மில்லிநொடி தாமதிச்சா, பிரேக் பிடிக்கிற இடம் கிட்டத்தட்ட 7 மீட்டர் தள்ளிப்போகுது. எந்த செட்டப்பும் (வண்டி அமைப்பு மாற்றமும்) அதை ஈடுகட்டாது. ரெண்டாவது, ரீவைண்ட் பண்ணும்போது (பின்னோக்கி ஓட்டி மறுபடி முயற்சி பண்ற வசதி) விழுந்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னாடியோட நிறுத்திடாதீங்க. பிரேக் பிடிச்ச இடத்துக்கு முன்னாடி வரைக்கும் போங்க. தப்பு நடந்தது அங்கதான்.

முகெல்லோ (இத்தாலி), 1-ஆம் வளைவு (சான் டொனாட்டோ)

சுற்று 5.245 கி.மீ., அதுல நேர்வழி மட்டும் 1.141 கி.மீ. நிஜத்துல 2023-ல ரைடர் பிராட் பைண்டர் 366.1 கி.மீ. தொட்டது இந்த நேர்வழியிலதான். கேம்லயும் ஆறாவது கியர் முழுசா இழுத்துக்கிட்டு வர்ற இடம்.

பிரேக் பிடிக்கிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னாடி ரோடு ஒரு மேடேறி இறங்குது. அந்த உச்சியைத் தாண்டும்போது முன்சக்கரத்துல பாரமே இருக்காது. அந்த நொடியில பிரேக் ட்ரிகரை அடிவரைக்கும் அழுத்தினா முன்சக்கரம் லாக் ஆகி (சுத்தாம நின்னு) நேரா கீழே. பத்துக்கு ஒன்பது பேர் "லேட்டா பிரேக் பிடிச்சுட்டேன்"னு நினைச்சு அடுத்த லேப்ல இன்னும் சீக்கிரமாப் பிடிப்பாங்க. அப்போ மேட்டு உச்சிக்கு இன்னும் கிட்டப் போறாங்க, மறுபடி விழுறாங்க.

சரியான முறை: உச்சி தாண்டி முன்சக்கரம் தரையில உக்காரட்டும். காத்துத் தடை குறைய வண்டி மேல படுத்திருக்கிற ரைடரை எழுப்புங்க. உடம்பு காத்தைத் தடுக்கிறதே ஒரு பிரேக்தான். முதல்ல ட்ரிகர் மூணுல ஒரு பங்கு. ஃபோர்க் (முன்சக்கர சஸ்பென்ஷன்) அமுங்குறது திரையில தெரியும். அமுங்கினதும் முழுசா. எலுமிச்சம்பழம் பிழியுற மாதிரி, ஒரேயடியா நசுக்கக் கூடாது. பிறகு சாய ஆரம்பிக்கும்போது சாய்வு கூடக்கூட பிரேக்கைக் குறைச்சுக்கிட்டே வரணும். அபெக்ஸ் (வளைவோட உள்விளிம்புப் புள்ளி) தொடும்போது விரல் ட்ரிகர்ல பட்டும் படாம இருந்தாப் போதும்.

இன்னொண்ணு: முன்னால போறவரோட ஸ்லிப்ஸ்ட்ரீம்ல (அவர் காத்தைக் கிழிச்சுட்டுப் போற பின்பக்கத்துல) வந்தா பிரேக்கை வழக்கத்தைவிடக் கொஞ்சம் முன்னாடியே பிடிக்கணும். வேகம் அதிகம், காத்தோட தடையும் குறைவு. தனியா ஓட்டிப் பழகின அடையாளப் பலகையை நம்பினா அவர் பின்சக்கரத்துலதான் போய் முட்டணும்.

சாக்சன்ரிங் (ஜெர்மனி), 11-ஆம் வளைவு

இங்கே விழுவதற்குப் பிரேக் மட்டும் காரணமல்ல, டயர் வெப்பம்தான் முதல் காரணம். மொத்தம் 13 வளைவுகள். இடது 10, வலது 3. நான்காம் வளைவிலிருந்து பத்தாம் வளைவு வரை தொடர்ந்து ஏழும் இடது. அத்தனை நேரமும் டயரின் வலப்பக்கம் தரையையே தொடாமல் ஆறிக்கொண்டிருக்கும். உடனே வருகிற 11 வேகமான வலது, அதுவும் இறக்கத்தில். ஆறிப்போன பக்கத்தில் வண்டியைப் படுக்கப் போட்டால் முன்டயர் எச்சரிக்கையே இல்லாமல் நழுவும். மோட்டோஜிபி 20-லிருந்தே டயரின் இரு பக்கமும் தனித்தனியாகத் தேய்கின்றன. அதனால் "போன சர்க்யூட்டில் இந்த டயர் நன்றாகப் பிடித்ததே" என்ற கணக்கு இங்கே எடுபடாது.

முன்பக்கத்துக்கு ஹார்ட் டயர் எடுத்தால் முதல் சில சுற்றுகளில் இந்த வளைவு மிகவும் ஆபத்து. வெயில் குறைவான நாளென்றால் ஒரு படி மென்மையான டயர் போடுங்கள். சுற்று நேரம் சற்றுக் கூடினாலும் பந்தயம் முடியும்வரை வண்டி நிமிர்ந்திருக்கும். ஓட்டும் முறையில் ஒரே விதி: வண்டி இடமிருந்து வலம் மாறும்போது நிமிரும் அந்தக் குறுகிய இடைவெளிக்குள் பிரேக் முழுவதும் விட்டிருக்க வேண்டும். சாயும்போது பிரேக் வேண்டாம், த்ராட்டில் (முடுக்கி) ஒரு பத்து சதவீதம் பிடித்திருங்கள். பாரம் சற்றுப் பின்னால் போகும், முன்டயர் பிழைக்கும்.

ரைடர் மார்க் மார்க்கெஸ் 2010 முதல் 2019 வரை ஒவ்வோர் ஆண்டும், பிறகு 2021-லும் வென்ற சர்க்யூட் இது. அதே மார்க்கெஸ் 2023-ல் அந்த வார இறுதியில் 5 முறை விழுந்து ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்திலிருந்தே விலகினார். இடப்பக்க வளைவுகளின் அரசனையே கீழே தள்ளிய சர்க்யூட். இங்கே வலப்பக்கத்துக்கு மரியாதை கொடுங்கள்.

மோட்டேகி (ஜப்பான்), 11-ஆம் வளைவு

முகெல்லோ பத்தி எழுதின அண்ணன் சொன்னது சரி, ஆனா இங்கே அப்படியே செஞ்சா பின்சக்கரம் தூக்கிடும். இது இறக்கத்துல போற நேர்வழி. பாரம் ஏற்கெனவே முன்னாடிதான் இருக்கு. முன் பிரேக்கைத் தொட்டதுமே பின்சக்கரம் காத்துல. காத்துல இருக்கிற சக்கரத்துக்கு எஞ்சின் பிரேக்கும் (த்ராட்டிலை விட்டதும் எஞ்சினே வேகத்தைக் குறைக்கிறது) இல்லை, பின் பிரேக்கும் இல்லை, வண்டி திரும்பவும் செய்யாது. அகலமா ஓடி சரளைக்குள்ள.

பின் பிரேக்கை முன் பிரேக்குக்கு ஒரு கண்ணிமைப்பு முன்னாடி தொடுங்க. வண்டியோட பின்பக்கம் கொஞ்சம் அமுங்கும், அப்புறம் முன் பிரேக். கியரை ஒவ்வொண்ணா, வண்டி வேகம் குறையுறதுக்கு ஏத்தபடி இறக்குங்க. தடதடன்னு நாலு கியர் ஒரே மூச்சுல இறக்கினா பின்சக்கரம் துள்ளும்.

அடுத்தது பிரேக் வட்டு (டிஸ்க்) சூடு. மோட்டோஜிபி 21-லேர்ந்து பிரேக் வெப்பம் கேமுக்குள்ள வந்துடுச்சு. நிஜத்துல கார்பன் வட்டுகள் சுமார் 250 டிகிரிக்கு மேலதான் ஒழுங்கா வேலை செய்யும். 800-ஐத் தாண்டினா ஆபத்து. 320, 340, 355 மி.மீ.ன்னு அளவுகள் இருக்கு. நிஜப் பந்தயத்துல 340 மி.மீ. கட்டாயம்னு விதியே வந்த சர்க்யூட் மோட்டேகி. நின்னு நின்னு கிளம்புற ட்ராக்ங்கிறதால வட்டு ஆறவே நேரம் கிடைக்காது. பெரிய வட்டு போடாம ஓடினா, முதல் பாதியில பிடிச்ச அதே இடத்துல பின்பாதியில பிரேக் பிடிக்காது. ஆஸ்திரியாவோட ரெட் புல் ரிங்குக்கும் இதே கதைதான். இன்னொருத்தர் பின்னாலயே ஒட்டிக்கிட்டுப் போனா வட்டுக்குக் குளிர் காத்து கிடைக்காது. நேர்வழியில ஒரு வண்டி அகலம் விலகி ஓட்டுங்க.

மோட்டோ2, மோட்டோ3 (மோட்டோஜிபிக்குக் கீழ்நிலை வகுப்புகள்) ஓட்டுறவங்களுக்கு இந்தக் கவலை கிடையாது, அங்கே எஃகு வட்டுதான். பிரேக் விடும் பழக்கத்தைக் கத்துக்க மோட்டோ3 ரொம்ப நல்ல இடம்.

இணைந்த பிரேக் பற்றி ஒரு கேள்வி

முன், பின் ரெண்டையும் தனித்தனியா வெச்சா விரல் குழம்புது. இணைந்த பிரேக் வெச்சுக்கிட்டே மேல சொன்னதெல்லாம் செய்ய முடியுமா?

பதில்

முகெல்லோ, சாக்சன்ரிங் முடியும் தம்பி. மோட்டேகி முடியாது, ஏன்னா அங்கே பின் பிரேக் முன்னாடி போகணும். இணைந்த பிரேக்ல ரெண்டும் ஒரே நேரத்துல ஒரு கணக்குப்படி பிடிக்கும். இப்படி மாறிக்குங்க: முதல்ல ஸ்டீரிங் உதவியை அணைங்க. அது இருக்கிற வரைக்கும் வண்டி உங்க பேச்சையும் கேக்குது, கணினி பேச்சையும் கேக்குது. அது பழகினதும் தானாகப் படுக்கிற வசதியை அணைச்சு வலது ஸ்டிக்கால ரைடரைப் படுக்க வைங்க. பிரேக்கைப் பிரிக்கிறது கடைசி. ட்ராக்‌ஷன் கன்ட்ரோலை (பின்சக்கரம் வழுக்காம பாத்துக்கிற உதவி) அவசரப்பட்டுக் குறைக்காதீங்க, நிஜ ரைடர்களே அதை வெச்சுத்தான் ஓட்டுறாங்க.

இன்னொரு பரிந்துரை: கணினி ஓட்டுற எதிராளிகளோட திறனை 120% வரை ஏத்தலாம்ங்கிறதுக்காக ஏத்தாதீங்க. உதவிகளைக் குறைக்கிற வாரம் எதிராளி அளவையும் சேர்த்து இறக்குங்க. ரெண்டு பக்கமும் சண்டை போட்டா எதுனால விழுந்தோம்னே தெரியாது.

புத் சர்வதேச சர்க்யூட், பின் நேர்வழிக்கு முந்தைய கொண்டையூசி வளைவு

நம்ம நாட்டு ட்ராக், அதனால இதையும் சேர்க்கணும். மோட்டோஜிபி 23 வெளியானது ஜூன் 2023. கிரேட்டர் நொய்டாவில் நிஜப் பந்தயம் நடந்தது செப்டம்பர் 24. அந்தப் பந்தயத்தை ரைடர் மார்கோ பெட்செக்கி ஜெயிக்கிறதுக்கு மூணு மாசம் முன்னாடியே கேம்காரர்கள் அந்தச் சுற்றை மனப்பாடம் பண்ணியிருந்தாங்க.

இங்கே பிரச்சினை உள்ளே போகும்போது இல்லை, வெளியே வரும்போது. ஏத்தத்துல பிரேக் பிடிக்கிறதால வண்டி சுலபமா நிக்கும். அந்த தைரியத்துல வளைவுக்குள்ள ஆழமா போயிடுவாங்க. ஆனா அடுத்து வர்றது ஒரு கிலோமீட்டர் அளவுக்கு நேர்வழி. மேட்டு உச்சியில த்ராட்டிலை முழுசாத் திறந்தா முன்சக்கரம் எழும்பும். ஆன்டி-வீலி (முன்சக்கரம் எழும்பாம தடுக்கிற உதவி) உடனே சக்தியை வெட்டும், அந்த இழப்பு நேர்வழி முடியுற வரைக்கும் கூடவே வரும். உள்ளே போகும்போது ஒரு வண்டி நீளத்தை விட்டுக்கொடுங்க. வண்டியைச் சீக்கிரமே நிமிர்த்தி, ஒரு கியர் கூட வெச்சு வெளியே வாங்க. கியர் கூடினா சக்கரத்துக்குப் போற இழுப்பு குறையும், முன்பக்கம் தரையில நிக்கும்.

செட்டப்

மேலே சொன்ன எதுவும் தீராதபோது மட்டும் செட்டப்பைத் தொடுங்கள். பொறியாளரிடம் குறையைச் சொல்லி மாற்றச் சொல்லும் வசதி கேமிலேயே இருக்கிறது. தொடக்கத்துக்கு அது போதும். கைப்பட மாற்றுவதானால் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், ஒரு படி, பிறகு மூன்று சுற்று.

பின்சக்கரம் தூக்குகிறது என்றால் முன் ஸ்பிரிங்கை ஒரு படி கடினமாக்குங்கள். ஃபோர்க் ஒரேயடியாக அமுங்காது. ஆனால் மிகக் கடினமாக்கினால் முன்டயரில் பாரம் சேராமல், சாயும்போது வழுக்கும். பலரும் இந்த இரண்டு குறைகளுக்கும் ஒரே மருந்தைப் போடுகிறார்கள். இரண்டும் எதிரெதிர். எஞ்சின் பிரேக் அதிகமென்றால் நுழைவில் பின்பக்கம் ஆடும், குறைவென்றால் வண்டி நிற்காமல் அகலமாக ஓடும். முகெல்லோ நேர்வழி முடிவதற்கு முன்பே ஆறாவது கியர் உச்சத்தைத் தொட்டு முனகினால் கடைசிக் கியரை நீளமாக்குங்கள்.

மழையும் வண்டி மாற்றமும்

மழை வந்தா பந்தயத்துக்கு நடுவுல வண்டி மாத்துறது மோட்டோஜிபி 23-ல வந்த வசதி. பிட்டுக்குப் போய் அடுத்த வண்டியில ஏறி வெளியே வந்ததும் டயரும் குளிர்ச்சி, பிரேக் வட்டும் குளிர்ச்சி. முதல் வளைவுல வழக்கமான இடத்துல பிடிச்சா நிக்கவே நிக்காது. பிட் ரோடு முடிஞ்சதும் வர்ற நேர்வழியில லேசா ரெண்டு தடவை பிரேக்கைத் தேய்ச்சுச் சூடாக்குங்க. ட்ராக் காய ஆரம்பிச்ச பிறகும் மழை டயர்லயே ஓட வேண்டி வந்தா, நேர்வழியில ஈரம் மிச்சமிருக்கிற பட்டையைத் தேடி அது மேல ஓட்டுங்க. டயர் ஆறும்.

பிலிப் ஐலண்ட் (ஆஸ்திரேலியா) 4-ஆம் வளைவு பற்றி யாராவது?

ரெண்டாவது, மூணாவது வளைவெல்லாம் ஒழுங்காப் போகுது. நாலுல மட்டும் முன்பக்கம் போயிடுது. பிரேக் சீக்கிரமாப் பிடிச்சும் அதேதான்.

பதில்

சாக்சன்ரிங் 11-க்கு எழுதினதை மறுபடி படிங்க, காரணம் அதேதான். 4.445 கி.மீ. சுற்றுல 12 வளைவு, இடது 7. நாலுக்கு முன்னாடி வர்ற ரெண்டும் இடது, அதுலயும் மூணாவது ரொம்ப வேகமான நீள வளைவு. அதுலேர்ந்து வண்டி முழுசா நிமிர்றதுக்குள்ளயே நாலாவதுக்குப் பிரேக் பிடிக்க வேண்டி வருது. அதனால சீக்கிரமாப் பிடிச்சா இன்னும் மோசம்: வண்டி அப்போ இடப்பக்கம் சாஞ்சிருக்கு. மூணுல கொஞ்சம் முன்னாடியே த்ராட்டிலைக் குறைச்சு, வண்டியை நிமிர்த்தி, நேரா நிக்கிற அந்த இடத்துல மட்டும் முழு பிரேக். பிறகு வலப்பக்கம் சாய்க்கிறதை மெதுவா, அபெக்ஸை வழக்கத்தைவிடத் தாமதமாத் தொடுங்க. முன்டயர் ஹார்ட் போட்டிருந்தா மீடியத்துக்கு மாத்திட்டு ஓட்டிப் பாருங்க.