‘கருவியுரை’ என்னும் சொல்லை முன்வைத்து

அன்புடையீர்,

முனையத்தில் (கட்டளைகளைத் தட்டச்சிட்டுக் கணினியை இயக்கும் சாளரத்தில்) கட்டளைகளை இயக்கும் செயற்கை நுண்ணறிவு உதவி நிரலுக்கு, அது அழைத்துப் பயன்படுத்தும் ஒரு மென்பொருள் கருவி என்ன செய்யும், அதை எப்போது அழைக்கலாம், எப்போது அழைக்கலாகாது என்று சொல்லும் பனுவலை எப்படி அழைப்பது என்பதே நம் கேள்வி. ‘கருவி விளக்கம்’, ‘கருவிக்குறிப்பு’, ‘கருவி வரையறை’ ஆகிய மூன்றும் முன்மொழியப்பட்டுள்ளன. மூன்றும் நல்ல தமிழே. ஆயினும் அப்பனுவல் செய்யும் வேலைக்கு ‘கருவியுரை’ என்பதே பொருந்தும் என்று கருதுகிறேன்.

பின்னிரண்டை விரைவாகத் தீர்த்துவிடலாம். சுட்டியைப் பொத்தானின் மேல் நிறுத்தும்போது தோன்றும் சிறு வாசகத்தைக் ‘கருவிக்குறிப்பு’ என்று இடைமுகத் தமிழாக்கத்தில் எழுதி வருகிறோம். அதே சொல்லை இங்கும் வைத்தால் குழப்பமே மிஞ்சும். ‘வரையறை’யோ இதைவிடப் பெரியது. இத்தகைய நிரல்களைக் கருவிகளோடு இணைக்க 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் நெறிமுறையில் கருவியின் பெயர், அதைப் பற்றிய பனுவல், உள்ளீட்டின் வடிவம் முதலியன சேர்ந்ததே வரையறை. முழுமையின் பெயரை உறுப்புக்குக் கொடுத்துவிட்டால் முழுமைக்கு வேறு பெயர் தேட நேரும்.

‘விளக்கம்’ பற்றித்தான் சற்று நீளமாகப் பேச வேண்டும். யுனிக்ஸ் இயங்குதளத்தின் முதல் கையேடு 1971இல் வந்ததிலிருந்து கட்டளைகளுக்கு விளக்கம் எழுதி வருகிறோம். அதைப் படிப்பவர் மனிதர். ஐயம் எழுந்தால் மூலநிரலைத் திறந்து பார்ப்பார், உடன் பணிபுரிபவரைக் கேட்பார், வெற்று அடைவொன்றில் (கோப்புறையில்) ஒத்திகை நடத்துவார். உதவி நிரலுக்கோ கருவியின் மூலநிரல் பொதுவாகக் காட்டப்படுவதில்லை. பெயர், பனுவல், அளபுருக்கள் (கருவிக்குத் தர வேண்டிய உள்ளீடுகள்) ஆகியவற்றைக் கொண்டே அது முடிவெடுக்கிறது. எழுதாமல் விட்ட ஒரு வாக்கியம் முனையத்தில் தவறான செயலாக முடியக்கூடும்.

‘கட்டளையை இயக்கும் கருவி, முடிவுக் குறியெண் 0 அல்லாவிடில் பிழை’ என்று எழுதியிருப்பதாகக் கொள்வோம். கட்டளை முடிந்ததும் அது திருப்பும் எண்ணே முடிவுக் குறியெண். விளக்கம் என்ற அளவில் இதில் பெரிய குறை தெரியாது. ஆனால் உதவி நிரல் ஒரு கோப்பில் ஒரு சொல்லை கிரெப் என்னும் தேடல் கட்டளை கொண்டு தேடுகிறது. சொல் அங்கே இல்லை. கிரெப் 1 என்ற குறியெண்ணைத் திருப்புகிறது. கிரெப்பின் வழக்கில் 1 என்றால் பொருந்தும் வரி இல்லை என்பதே பொருள். உண்மையான பிழைக்கு 2 வரும். இரு கோப்புகளை ஒப்பிடும் டிஃப் கட்டளையும் அப்படியே, கோப்புகள் வேறுபட்டால் 1 தரும். பனுவலை நம்பிய உதவி நிரல், ‘சொல் இல்லை’ என்ற சரியான விடையைக் கையில் வைத்துக்கொண்டே, தேடல் தோற்றதென்று எண்ணி, யாரும் கேட்காத அனுமதி மாற்றங்களில் இறங்கக்கூடும்.

அதே கருவிக்கு நான் எழுதுவதாயின் இப்படி எழுதுவேன்:

“இக்கருவி ஒரு கட்டளையைத் திட்டத்தின் முதன்மை அடைவில் இயக்கி, வெளியீடு, பிழைச்செய்தி, முடிவுக் குறியெண் மூன்றையும் தனித்தனியே தரும். 0 அல்லாத குறியெண் எல்லா வேளையும் பிழையன்று. கிரெப், டிஃப் ஆகியவற்றில் 1 என்பதும் ஒரு விடையே. ஒவ்வோர் அழைப்பும் புதிய ஷெல்லில் (கட்டளைகளை ஏற்று இயக்கும் நிரலில்) தொடங்குவதால் முந்தைய அழைப்பில் செய்த அடைவு மாற்றம் நீடிக்காது. முழுப் பாதையைத் தருக. 120 நொடிகளில் முடியாத கட்டளை நிறுத்தப்படும். விம், லெஸ் போல விசையழுத்தத்துக்குக் காத்திருக்கும் மென்பொருள்களை இதில் இயக்கலாகாது. கோப்பை வாசிக்க மட்டும் வேண்டுமெனில் வாசிப்புக் கருவியை அழைக்க. கோப்புகளை அழிக்குமுன் பயனரின் ஒப்புதலைப் பெறுக.”

இதில் பாதிக்குமேல் எல்லையும் விலக்கும் ஏவலுமாக இருப்பதைக் காணலாம். சொல்வதைச் செயலுக்காகச் சொல்லும் இந்தப் பண்பு ‘உரை’ என்ற சொல்லில் இருக்கிறது. சிலருக்கு இங்கே, பழந்தமிழ் நூல்களின் முகவுரையான ‘பாயிரம்’ நினைவுக்கு வரலாம். நூல் வழங்கும் எல்லை, நுதலிய பொருள், கேட்போர், பயன் முதலான எட்டையும் பாயிரம் காட்ட வேண்டும் என்று நன்னூல் வகுத்திருப்பது இதற்கு வியப்பூட்டும் அளவு பொருந்துகிறது. ஆனால் ‘கருவிப் பாயிரம்’ இன்று நிரலெழுதுவோர் நாவில் எளிதாக வராது.

‘உரை’ ஏற்கெனவே கணினித் தமிழில் எழுத்துவடிவத் தரவைக் குறிக்கிறதே என்ற மறுப்பு நியாயமானது. ஆயினும் உரைக்கோப்பு, உரைத்திருத்தி என்று அது முன்னால் நிற்கும்போதுதான் அப்பொருள் தருகிறது. அறிவுரை, முன்னுரை, பதவுரை, பொழிப்புரை என்று இறுதியில் நிற்கும்போது, ஒருவருக்கு ஒன்றை உணர்த்தச் சொல்வது என்னும் பொருளே மேலோங்குகிறது. கருவியுரை இந்த இரண்டாம் வரிசையைச் சேர்ந்தது.

இனி, ஒவ்வோர் அளபுருவுக்கும் தனியே எழுதும் சிறு பனுவலுக்கும் பெயர் வேண்டும். ‘அளபுருவுரை’ புணர்ச்சிப்படி சரியே. ஆனால் நாவில் சிக்குகிறது. அதை ‘அளபுரு உரை’ என்று பிரித்தே எழுதலாம் என்பது என் விருப்பம். உரைக்குள் ‘எப்போது அழைக்கலாகாது’ என்று கூறும் பகுதிக்கு ‘விலக்கு’ போதும். மாற்றுக் கருத்துடையோர், தங்கள் சொல்லை மேற்கண்ட மாதிரியின் தலைப்பாக வைத்துப் பார்த்து எழுத வேண்டுகிறேன்.