துரைக்கு வீடு தேடிய பதினோரு வாரம்

மேற்கு மாம்பலத்திலிருந்து:

கீழ்வீட்டுப் பெரியம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த அன்று, ஆம்புலன்ஸில் ஏற்றும்போது என் கையில் வீட்டுச் சாவியைத் திணித்து, “ஆறு மணி, மறந்துடாதே” என்றார். அந்த வலியில் வேறு எதுவும் அவர் வாயில் வரவில்லை. ஆறு மணி என்பது துரைக்கு இன்சுலின் போடும் நேரம். காலை ஆறு, மாலை ஆறு.

துரை பதினோரு வயதுக் கடுவன் பூனை. கருத்தடை செய்தவன், சாம்பல் நிறம், ஒரு காலத்தில் ஆறு கிலோ. அவனுக்குச் சர்க்கரை இருப்பதை முதலில் காட்டிக்கொடுத்தது எறும்புதான். அவன் சிறுநீர் போகும் மணல் தட்டைச் சுற்றி எறும்பு சாரை சாரையாக வந்ததைப் பார்த்துவிட்டு, “எங்க வீட்டுக்காரருக்கும் இப்படித்தான் ஆச்சு” என்று பெரியம்மா சந்தேகப்பட்டார். அதற்குள் அவன் நாளெல்லாம் தண்ணீர்க் கிண்ணத்துப் பக்கத்திலேயே கிடக்க ஆரம்பித்திருந்தான். தட்டைக் காலி செய்துவிட்டு மறுபடி கத்துவான், ஆனாலும் முதுகெலும்பு தெரிய இளைத்துக்கொண்டே வந்தான். பின்னங்காலின் குதிகால் தரையில் படிய நடந்தான். சர்க்கரை நரம்பைப் பாதித்தால் பூனைகள் அப்படித்தான் நடக்கும் என்று வேப்பேரி கால்நடை மருத்துவமனையில் சொன்னார்கள். அன்று ரத்தத்தில் சர்க்கரை 412. பூனைக்குப் பயணப் பயத்திலேயே சர்க்கரை 300-க்கு மேல் போய்விடும் என்பதால், அந்த ஒரு எண்ணை நம்பாமல் சிறுநீரையும் பார்த்து, இன்னொரு நாளும் வரச் சொல்லி, அப்புறம்தான் கிளார்ஜின் என்ற இன்சுலினை ஆரம்பித்தார்கள். பால்சோறு, தயிர்சாதம் எல்லாம் அன்றோடு நின்றது.

பெரியம்மாவை மகள் பெங்களூருக்கு அழைத்துப் போய்விட்டார். அந்த வீட்டில் ஏற்கெனவே இரண்டு நாய்கள். என் பையனுக்கு வீசிங், பூனை மடியில் ஏறினாலே நெபுலைசர் எடுக்க வேண்டும். அதனால் பூட்டிய வீட்டில் துரை தனியாக இருந்தான், நான் தினம் இரண்டு வேளை இறங்கிப் போனேன். மூன்று மாதத்தில் வீட்டைக் காலி செய்து வாடகைக்கு விடுவதாக ஏற்பாடு. அதற்குள் அவனுக்கு ஒரு வீடு பார்க்க வேண்டும்.

போட்டோ போட்டு, சர்க்கரை இருப்பதையும் ஊசி தேவை என்பதையும் முதல் வரியிலேயே எழுதினேன். வந்த அழைப்புகளில் சில இன்னும் மனசில் நிற்கின்றன.

ஒருவர் சிறுகுறிஞ்சான் பொடியும் வெந்தயத் தண்ணியும் கொடுத்துத் தானே சரி பண்ணிவிடுவதாகச் சொன்னார். நல்ல மனுஷர், பூனை மேல் உண்மையான ஆசை. ஆனால் இன்சுலின் தேவைப்படும் பூனைக்கு அதை நிறுத்தினால் உடம்பில் கீட்டோன் என்ற அமிலம் ஏறி, சில நாளிலேயே உயிருக்கு ஆபத்தாகிவிடும். அதைச் சொன்னேன், அவர் ஒப்புக்கொள்ளவில்லை, நானும் கொடுக்கவில்லை. இன்னொருவர், “ஊசி போட்டு ஒரேயடியா தூங்க வெச்சிடுங்க மேடம், அதுக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி” என்றார். அவர் அப்படிச் சொல்லும்போது துரை என் காலடியில் மல்லாந்து படுத்து வெயில் காய்ந்துகொண்டிருந்தான். போனை வைத்த பிறகு வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

ஒரு அம்மா பேசினார். அவருடைய ஏழு வயது மகளுக்கு டைப் 1 சர்க்கரை நோய். ஃபிரிட்ஜில் இன்சுலின் இருக்கிறது, ஊசி போடக் கை பழகியிருக்கிறது, சர்க்கரை இறங்கினால் என்ன செய்வதென்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று எனக்கு ஒரே சந்தோஷம். அரை மணி நேரம் துரையைப் பற்றிக் கேட்டார். கடைசியில், “ராத்திரி மூணு மணிக்கு ஒரு குழந்தைக்காக எழுந்திரிக்கிறேன்ங்க. இன்னொண்ணுக்கும் அதே பயத்தோட எழுந்திரிக்க என்னால முடியுமான்னு யோசிச்சுப் பார்த்தேன். முடியாது” என்றார். அவர் மேல் எனக்கு அவ்வளவு மரியாதை வந்தது. இவ்வளவு நேர்மையாக மறுத்தவர் வேறு யாருமில்லை.

நான்காவது வாரம் மேடவாக்கத்திலிருந்து ஒரு இளம் தம்பதி வந்தார்கள். ஐ.டி. வேலை, பாசமான பிள்ளைகள். துரை அந்தப் பெண்ணின் மடியிலேயே தூங்கிவிட்டான். நானே ஊசி போட்டுக் காட்டினேன். அளவு, நேரம், உணவு எல்லாம் எழுதிக் கொடுத்தேன். ஒன்றை மட்டும் எழுத விட்டுவிட்டேன்.

நம் ஊரில் இன்சுலின் குப்பி இரண்டு அடர்த்தியில் வருகிறது, மில்லிக்கு 40 யூனிட், மில்லிக்கு 100 யூனிட். 40-க்கு உரிய சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. துரையுடையது 100, ஒரு வேளைக்கு இரண்டு யூனிட். நான் கொடுத்த சிரிஞ்ச் தீர்ந்ததும் அவர்கள் மெடிக்கலில் “இன்சுலின் சிரிஞ்ச்” என்று கேட்டிருக்கிறார்கள், சிவப்பு மூடி கொடுத்திருக்கிறார்கள். அதில் இரண்டு என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது ஐந்து யூனிட். இரவு பதினொன்றுக்குப் போன் வந்தது. துரை தள்ளாடுகிறான், சுவரில் முட்டிக்கொள்கிறான், கூப்பிட்டால் திரும்பவில்லை. குளுக்கோன்-டியைக் கொஞ்சமாகத் தண்ணீரில் குழைத்து ஈறில் தடவச் சொன்னேன், வாய்க்குள் ஊற்றவே கூடாது, புரையேறிவிடும் என்றேன். அப்படியே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லிவிட்டு நானும் கிளம்பினேன். மறுநாள் மதியம் வரை குளுக்கோஸ் ஏறியது. கிளார்ஜின் மெதுவாக வேலை செய்யும் மருந்து, ஒரு தடவை ஏற்றிவிட்டால் போதாது. பிழைத்துக்கொண்டான். அந்தப் பெண் அழுதுகொண்டே திருப்பிக் கொடுத்தாள். தப்பு அவளுடையது இல்லை, நான் எழுதாமல் விட்டது. இன்றைக்கும் அந்தப் பதினொரு மணிப் போனை நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

இதில் ஒரு விஷயம் புரிந்தது. அன்றுவரை நான் பூனைப் பிரியர்களைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். ஊசி போடும் வித்தையை யாரும் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். ஊசி 31 கேஜ், முடி மாதிரி மெல்லிசு, பாதிப் பூனைகளுக்குத் தெரிவதுகூட இல்லை. கிடைக்காதது, காலையும் மாலையும் ஒரே நேரத்தில் வீட்டில் ஆள் இருக்கும் குடும்பம். அந்தத் தம்பதிக்கே ஒரு நாள் ஏழு, ஒரு நாள் ஒன்பதரை என்று மாறிக்கொண்டிருந்தது.

வேப்பேரிக்கும் வீட்டுக்கும் எங்களை எப்போதும் கூட்டிப்போன ஆட்டோ அண்ணன் ஒருவர் உண்டு. ஆஸ்பத்திரியிலிருந்து துரையைத் திரும்பக் கொண்டுவந்த அன்று, “அந்தப் பசங்க எத்தனை மணிக்கு வேலையிலேர்ந்து வருவாங்க?” என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச தூரம் பேசாமல் ஓட்டினார். அப்புறம், “நான் ஸ்கூல் சவாரி ஓட்டுறேன்க்கா. ஆறே முக்காலுக்கு வண்டி எடுத்தாகணும், சாயங்காலம் அஞ்சரைக்கு வீட்ல இருப்பேன். பத்து வருஷமா இதே டைம்தான். வீட்டம்மா வீட்லயே பூ கட்டுறாங்க” என்றார். எனக்கு அவர் என்ன சொல்ல வருகிறார் என்றே முதலில் பிடிபடவில்லை.

சைதாப்பேட்டையில் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி முகத்தில் சம்மதம் இல்லை. அவருடைய மாமியாருக்கும் சர்க்கரை, ஃபிரிட்ஜ் கதவில் இன்சுலின் குப்பி இருந்தது. எடுத்துப் பார்த்தேன். 40. பக்கத்திலேயே சிவப்பு மூடி சிரிஞ்ச். எனக்குக் கை நடுங்கிவிட்டது. வேண்டாம் என்று சொல்லிவிடத்தான் வாயெடுத்தேன், நடந்ததையும் சொன்னேன். அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் கேட்டார். பிறகு பூ கட்டும் கூடையிலிருந்து ஆரஞ்சு நூல் எடுத்து, பக்கத்தில் கிடந்த ஒரு டிபன் பாக்ஸைச் சுற்றி மூன்று கட்டு கட்டி, “இதுல இருந்தா பூனையோடது. ஃபிரிட்ஜ்ல கீழ்த்தட்டு. மாமியாரோடது கதவுல. வேற யாரும் தொட மாட்டாங்க” என்றார்.

மூன்று வாரம் பழக்கினோம். முதல் வாரம் வெறும் சலைன், சாத்துக்குடியில் குத்திப் பார்த்தார்கள். இரண்டாவது வாரம் இருவரும் மாலையில் வந்து என் கண் முன்னால் துரைக்குப் போட்டார்கள். அந்த அம்மா சிரிஞ்சை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கோட்டைப் பார்ப்பார். குமிழி இருந்தால் நகத்தால் சுண்டுவார். குப்பியைக் குலுக்கக் கூடாது என்று ஒரு தடவைதான் சொன்னேன். காதில் குத்தி ரத்தம் எடுப்பதற்கு முன்னால் வெதுவெதுப்பான துணியை வைத்துக் காது மடலைச் சூடாக்க வேண்டும், அப்போதுதான் கடுகளவு சொட்டாவது வரும். அது அவருக்கு என்னைவிட நன்றாக வந்தது. சாப்பிடாமல் இருந்தாலோ எண் 150-க்குக் கீழே இருந்தாலோ ஊசி போடாமல் டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும் என்று எங்கள் டாக்டர் துரைக்கு வைத்த கணக்கு, அதைச் சுவரில் எழுதி ஒட்டினோம். மருந்து, ஸ்ட்ரிப், டின் உணவுச் செலவைப் பெரியம்மாவின் மகள் மாதாமாதம் அனுப்புகிறார். அந்தக் குடும்பம் அதைக் கேட்கவில்லை, நாங்கள்தான் வற்புறுத்தினோம். நோயுள்ள ஜீவனைக் கொடுக்கும்போது செலவையும் சேர்த்துத் தலையில் கட்டுவது நியாயம் இல்லை என்பது என் எண்ணம்.

பதினோராவது வாரம் துரை சைதாப்பேட்டைக்குப் போனான்.

மதுரையிலிருந்து:

படித்ததும் எழுதத் தோன்றியது. நான் இன்னொரு பக்கம், வாங்கிக்கொண்டவள். நான்கு வருஷத்துக்கு முன்னால் சித்தப்பா துபாய் போகும்போது அவருடைய பூனை எங்களிடம் வந்தது. சர்க்கரை கண்டுபிடித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. நாய்களில் பெரும்பாலும் நடக்காத கதை இது. பூனைகளில், சீக்கிரமே இன்சுலின் ஆரம்பித்து, மாவுச்சத்து குறைந்த உணவுக்கு மாற்றினால், சிலவற்றுக்கு இன்சுலினே தேவையில்லாத நிலை வருகிறது. எங்களுக்கு வந்தது. உலர் தீவனத்தை அடியோடு நிறுத்தினோம். இரண்டு யூனிட் ஒன்றாகி, அரையாகி, நான்காவது மாதம் நின்றது.

அடுத்த வருஷம் தோல் அரிப்புக்கு வேறொரு இடத்தில் காட்டினோம். அவளுடைய பழைய கதையை நான் சொல்லவில்லை, சரியாகிவிட்டதே என்ற நினைப்பு. ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். பத்து நாளில் மறுபடி தண்ணீர்க் கிண்ணத்துப் பக்கத்தில் போய்ப் படுத்துவிட்டாள். இப்போது தினம் இரண்டு வேளை ஊசி. அவளைக் கையில் எடுத்துக்கொண்டு எந்த டாக்டரிடம் போனாலும் நான் சொல்லும் முதல் வார்த்தை “சர்க்கரை வந்த பூனை” என்பதுதான்.

திருச்சியிலிருந்து:

எனக்கு இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. அப்பா இறந்த பிறகு அவருடைய பூனைக்கு இடம் தேடினேன். சர்க்கரை என்று சொன்னால் யாரும் எடுக்க மாட்டார்கள் என்று பயந்து, “கொஞ்சம் நிறைய தண்ணி குடிக்கும்” என்று மட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டேன். மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஐந்தாவது நாள் அவர்கள் தூக்கிக்கொண்டு வந்தார்கள், வாந்தி, மூச்சில் ஒரு அழுகிய பழ வாசனை. காப்பாற்ற முடியவில்லை. அவர்கள் என்னைத் திட்டக்கூட இல்லை. முதல் வரியிலேயே எழுதினீர்கள் பாருங்கள், அதைத்தான் நான் செய்திருக்க வேண்டும்.

எடிசன், நியூ ஜெர்சியிலிருந்து:

மாத்திரை கிடையாதா என்று நிறைய பேர் கேட்பார்கள், அதனால் சொல்கிறேன். இங்கே 2022 டிசம்பரில் பெக்ஸாகேட் என்ற மாத்திரைக்கும், 2023-ல் சென்வெல்கோ என்ற திரவ மருந்துக்கும் இந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. தினம் ஒரு வேளை போதும். ஆனால் ஏற்கெனவே இன்சுலின் போட்டுக்கொண்டிருந்த பூனைக்கு அவை கூடாது, கீட்டோன் ஆபத்து அதிகம். நான் காப்பகத்திலிருந்து எடுத்துவந்த பூனை இன்சுலினில் இருந்தது, ஆக எங்களுக்கு ஊசிதான்.

அந்தக் காப்பகத்தில் பூனையைக் காட்டுவதற்கு முன்னால் கேட்ட கேள்வி, “நீங்கள் ஊருக்குப் போனால் யார் போடுவார்கள்?” என்பது. வருஷா வருஷம் கும்பகோணம் போகிறவர்கள் நாங்கள். பக்கத்து வீட்டுக் குஜராத்திப் பெண்ணை அழைத்துக்கொண்டு போய், அவளும் பழகிய பிறகுதான் கொடுத்தார்கள். அன்று கொஞ்சம் கோபம் வந்தது. போன மே மாதம் நாங்கள் ஊரில் இருந்தபோது அவள் தினமும் இரண்டு வேளை போட்டோ அனுப்பினாள், சிரிஞ்சும் பூனையும் ஒரே படத்தில்.

மேற்கு மாம்பலத்திலிருந்து, மறுபடியும்:

திருச்சி சகோதரிக்கு: அந்தப் பயம் எனக்கும் இருந்தது. முதல் வரியில் எழுதுவதற்கு முன்னால் இரண்டு தடவை அழித்தேன்.

துரை எப்படி இருக்கிறான் என்று கேட்டவர்களுக்கு: போன ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். பெரியம்மாவும் வீடியோவில் வந்தார், வாக்கர் பிடித்து நடக்கிறார். பூக்காரம்மா நாற்பது பக்க நோட்டைக் கேமராவுக்குக் காட்டி ஒவ்வொரு வரியாகப் படித்தார், தேதி, மணி, எண், சாப்பிட்டானா இல்லையா. எல்லா வரியிலும் காலை 6.00, மாலை 6.00, ஒரே ஒரு நாள் மட்டும் 6.20. “அன்னிக்கு என்ன ஆச்சு?” என்று பெரியம்மா கேட்டுவிட்டார். “மழைம்மா, கரன்ட் இல்ல. மெழுகுவத்தி வெளிச்சத்துல கோடு தெரியல, இவர் வந்து செல்லுல டார்ச் அடிக்கிற வரைக்கும் காத்திருந்தேன்” என்றார். துரை அந்த ஆரஞ்சு நூல் கட்டிய டிபன் பாக்ஸ் சத்தம் கேட்டதும் தானாக வந்து பாயில் உட்கார்ந்துகொண்டான். குதிகால் இன்னும் முழுசாக நிமிரவில்லை, ஆனால் ஜன்னல் திட்டுக்குத் தாவுகிறான். இந்த வாரத்திலிருந்து டாக்டர் ஒன்றரை யூனிட்டாகக் குறைத்திருக்கிறார்.