ஆர்எக்ஸ்-8, சுபாரு மாதிரி வண்டிக்கு மெக்கானிக் பிடித்த கதை: உங்க அனுபவமும் சொல்லுங்க

மெர்பேங்க்:

டர்பனில் மாஸ்டா ஆர்எக்ஸ்-8ஐ எந்த ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிப் போனாலும் "விட்டுட்டுப் போங்க, பார்த்துடலாம்" என்பார்கள். நான் சாவியைக் கொடுக்கும் முன் கேட்பது ஒன்றுதான்: "கம்ப்ரஷன் (எஞ்சினுக்குள் உருவாகும் அழுத்தம்) எதுல பார்ப்பீங்க?"

ஜேக்கப்ஸ் பக்கம் ஒருத்தர் சாதாரண கேஜை எடுத்துக் காட்டினார். பிஸ்டன் எஞ்சினுக்கு அது போதும். ஆர்எக்ஸ்-8ல் இருப்பதோ ரோட்டரி எஞ்சின்; பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுற்றும். ஒரு ரோட்டருக்கு மூன்று முகம். சாதாரண கேஜ் மூன்றில் எது அதிகமோ அதை மட்டும் காட்டும். ஒரு பக்கம் அபெக்ஸ் சீல் (ரோட்டரின் முனையில் இருக்கும் சீல்) போயிருந்தாலும் முள் ஜம்மென்று நிற்கும். கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

சாட்ஸ்வொர்த்தில் வீட்டு கராஜிலேயே வேலை பார்க்கும் பெரியவர் ஒருத்தர் கிடைத்தார். வெளியே போர்டுகூடக் கிடையாது. பானட்டைத் தூக்குவதற்கு முன்னால் என்னைத்தான் விசாரித்தார். "ஸ்டார்ட் பண்ணி உடனே ஆஃப் பண்ற பழக்கம் உண்டாப்பா? டிப்ஸ்டிக்கை எப்பப் பார்த்தே?" இந்த எஞ்சின் சீலுக்காகவே கொஞ்சம் ஆயிலை உள்ளே விட்டு எரிக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது! அப்புறம் ரோட்டரிக்கென்றே இருக்கும் டெஸ்டரை மாட்டி, ரோட்டருக்கு மூன்றாக ஆறு எண்களைத் தாளில் எழுதினார். ஸ்டார்ட்டர் எஞ்சினைச் சுற்றும் வேகத்தையும் பக்கத்தில் குறித்தார். 250 ஆர்பிஎம் கணக்கில் அழுத்தம் 680 கிலோபாஸ்கலுக்குக் கீழே போனால் எஞ்சினைப் பிரிக்க வேண்டியதுதான். கூலி மலிவில்லை. இருந்தாலும் இனி அவரிடம்தான்.

பீனிக்ஸ்:

அண்ணே, என்னுடையது பழைய சுபாரு ஃபாரஸ்டர். ஒரு இடத்தில் டைமிங் பெல்ட் மாற்றியதாக பில் தந்தார்கள். பழசு எங்கே என்றால் "குப்பைக்குப் போயிடுச்சு". அங்கேயே கவரைக் கழற்றச் சொன்னேன். ஓரமெல்லாம் வெடித்த அதே பெல்ட்! தென்னாப்பிரிக்காவின் 2008 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி கழற்றிய பார்ட்ஸை நம்மிடம் கொடுக்க வேண்டும். போட்ட பார்ட்ஸுக்கும் லேபருக்கும் 3 மாத உத்தரவாதமும் உண்டு. இதை முதலிலேயே பேச்சுவாக்கில் சொல்லி வையுங்கள், முகம் மாறுகிறதா என்று தெரிந்துவிடும்.

டொங்காட்:

வாரண்டி இருக்கிறவர்களுக்கு ஒன்று. வெளியே சர்வீஸ் பண்ணினாலே வாரண்டி போச்சு என்று ஏஜென்சியில் பயமுறுத்தினால் நம்பாதீர்கள். அப்படி வாரண்டியை ரத்து பண்ணக் கூடாது என்னும் நம்ம நாட்டுப் போட்டி ஆணையத்தின் வழிகாட்டு விதிகள் 2021 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கின்றன. ஆனால் வெளி மெக்கானிக் எதையாவது கெடுத்தால் அந்தப் பாகத்துக்கு வாரண்டி கேட்க முடியாது. பில்லெல்லாம் பத்திரமாக இருக்கட்டும். அது சரி, பைன்டவுன் பக்கம் டிஎஸ்ஜி (ஃபோக்ஸ்வேகனின் இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸ் தெரிந்த கை யாராவது இருக்காங்களா?