ஒக்கி புயல் கட்டுரையில் எந்த எண்ணிக்கையை எழுதுவது?

கேள்வி – முதுகலை மாணவி, நாகர்கோவில்

வணக்கம். இந்தப் பருவத்தின் செய்முறைப் பணியாகத் தமிழ் விக்கிப்பீடியாவில் பேரிடர் கட்டுரைகளை மேம்படுத்துகிறோம். எங்கள் குழுவுக்கு 2017 ஒக்கி புயல் வந்திருக்கிறது. இறந்தோர் எண்ணிக்கை செய்திக்குச் செய்தி மாறுகிறது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கம் ஊரார் சொல்லும் கணக்கோ வேறு. எதை எழுதுவது? குடும்பத்தாரிடம் நாங்களே பேட்டி எடுத்துச் சான்றாகக் காட்டலாமா?

மறுமொழி 1 – விக்கிப் பயனர், மார்த்தாண்டம்

ஒரே எண்ணைத் தேட வேண்டாம், தங்கச்சி. நவம்பர் 29 அன்று காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்தது மறுநாளே புயலாகிவிட்டதால், அதற்கு முன்பே தங்கல் தொழிலுக்கு (பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிப்பதற்கு) ஆழ்கடல் போயிருந்த விசைப்படகுகள் பலவற்றுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. போனவர்களில் பலருடைய உடல் கிடைக்கவே இல்லை. முதல் வாரச் செய்தியில் காணாமல் போனவராக இருந்தவர் பிந்தைய அரசு அறிவிப்பில் இறந்தவராக எண்ணப்பட்டிருப்பார். நம் மாவட்டத்தார் கேரளத் துறைமுகங்களிலிருந்தும் தொழிலுக்குப் போகிறவர்கள் என்பதால், இரு மாநிலக் கணக்கையும் அப்படியே கூட்டினால் ஒருவரே இருமுறை வரக்கூடும். ஆகவே யார் எண்ணினார்கள், எந்தத் தேதி வரை, காணாமல் போனோரைச் சேர்த்தா சேர்க்காமலா என்ற மூன்றையும் எண்ணோடு சேர்த்தே எழுதுங்கள். முரண்படும் கணக்குகளை அருகருகே வையுங்கள்.

பேட்டியை நேரடியாகச் சான்றாக்க முடியாது. சொந்த ஆய்வுக்கு அங்கே இடமில்லை. நம்பகமான இதழ் ஒன்றில் வெளிவந்த பிறகு அதைக் காட்டலாம்.

மறுமொழி 2 – ஓய்வு பெற்ற ஆசிரியர், குளச்சல்

எண்ணிக்கையோடு கட்டுரையை முடித்துவிடாதே, மகளே. தோட்டங்களில் முறிந்து விழுந்த ரப்பரும் வாழையும் எத்தனை குடும்பங்களின் பிழைப்பு! 2004 சுனாமியை எழுதும் மாணவர்களும் நாகப்பட்டினத்தோடு நின்றுவிடுகிறார்கள். அலைகள் இலங்கையைச் சுற்றி வளைந்து வந்ததால்தான், சுமத்திராவுக்கு நேரே இல்லாத குளச்சலும் கொட்டில்பாடும் அடிபட்டன, மணக்குடிப் பாலமும் பெயர்ந்து போனது. இந்த விளக்கம் இல்லாமல் மேற்குக் கரையின் இழப்பு படிப்பவருக்குப் புரியாது. இறந்தவர்களின் பெயர்ப் பட்டியலை மட்டும் சேர்க்க வேண்டாம். அதற்கு ஊரில் நினைவுத்தூண்கள் இருக்கின்றன.

மறுமொழி 3 – விக்கிக் கட்டுரைகளைத் திருத்தித் துப்புரவுப் பணி செய்யும் பயனர், தக்கலை

ஆசிரியர் ஐயா சொன்னதை வழிமொழிகிறேன். ஒக்கி குமரியில் கரையைக் கடந்ததாக எழுதிவிடாதீர்கள். நவம்பர் 30 அன்று நமக்குத் தெற்கே கடலிலேயே கடந்து, இலட்சத்தீவுப் பக்கம் மிகக் கடும் புயலாக வலுத்து, குஜராத்தை நெருங்கும்போது வலுவிழந்தது. மதிப்பெண் கெடுவுக்கு முந்தைய இரவில் ஆங்கிலக் கட்டுரையை இயந்திரத்தில் மொழிபெயர்த்து மொத்தமாக ஒட்டும் குழுக்களும் உண்டு, பிறகு அதைத் திருத்தும் வேலை எங்கள் தலையில் விழுகிறது. மணல்தொட்டி என்ற சோதனைப் பக்கத்தில் எழுதிப் பார்த்துவிட்டு, பத்தி பத்தியாகச் சேமியுங்கள். எண்ணிக்கையை மாற்றும் முன் உரையாடல் பக்கத்தில் காரணத்தைக் குறித்துவிட்டால் யாரும் சட்டென்று பழைய வடிவத்துக்கு மீளமைக்க மாட்டார்கள்.